குளிப்பாட்டிய துணி

கோச்சடையில் வீட்டுக்குப் பின்னால் செயற்கைக் கால் பட்டறை வைத்திருந்தார் ஓய்வு பெற்ற பொறியாளர் ராஜாராமன். அபிஷேகம் ஆகாமல் அலங்காரம் கிடையாது என்பது அவர் கொள்கை. சுவாமிக்கு மட்டுமல்ல, பாதம் செய்யும் கார்பன் இழைத் துணிக்கும் அதேதான். நெடியடிக்கும் அசிட்டோன் கரைப்பானில் இரண்டு முறை அலசி உலர்த்திய பிறகே பிசின் தடவி அடுக்க வேண்டும்.

சோழவந்தான் அஸ்வினி ஒன்பதாம் வகுப்பு. வலது முழங்காலுக்குக் கீழே கால் கிடையாது, ஆனாலும் ஓட்டக்காரி. வியாழக்கிழமைக்குள் புதுப் பாதத்தில் ஓடிக் காட்டாவிட்டால் மாவட்டப் போட்டிப் பட்டியலில் அவள் பெயர் இருக்காது. அவளுக்காகச் செய்த, ஓடுவதற்கான வளைபாதம் மூன்றும், பாரம் ஏற்றியதும் பரோட்டா போல அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டன.

"உன் கை வேர்வைதான் காரணம், சோலை," என்றார் ராஜாராமன். "ரெண்டு ஜோடி கையுறை போட்டுக்கோ."

"சரிங்க சார்," என்றார் சோலை. பட்டறையின் ஒரே வேலையாள். "மூணாவதுக்கு மேல நாலாவது ஜோடி வேணும்னாலும் போடுறேன். கத்தரிதான் கையில நிக்காது."

செவ்வாய்க்கிழமை பிரதோஷம். ராஜாராமன் கோயிலுக்குப் போய், நந்திக்குப் பின்னால் நின்று அந்தப் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டார். அவர் திரும்புவதற்குள் நாலாவது பாதத்தைச் சோலை அடுக்கி முடித்திருந்தார்.

மறுநாள் பாரம் ஏற்றினார்கள். நூறு கிலோ. நூற்றைம்பது. இருநூறு. வழக்கமாகக் கேட்கும் 'கிறீச்' கேட்கவே இல்லை. பாதம் வளைந்து, நிமிர்ந்து, சும்மா இருந்தது.

"பாத்தியா? கையுறை!" ராஜாராமன் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனார். "இனிமே இதுதான் முதல் விதி."

"அத எழுதாதீங்க சார்."

"ஏன்?"

வாயை மூடிக்கொண்டால் பாராட்டு சோலைக்கு. ஆனால் அடுத்த பாதம் பிரியும். அதை மாட்டிக்கொண்டு ஒரு பிள்ளை விழும்.

"நேத்து நான் துணிய அலசவே இல்ல. அசிட்டோன் டப்பாவத் திறந்ததும் அம்மா உள்ள இருமுனாக. நாலு மாசமா அந்த நெடிக்குத்தான் சார் இருமுறாக. பாவமா இருந்துச்சு, மூடிட்டேன்."

ராஜாராமனுக்குக் கோபம் வந்தது. வந்த வழியிலேயே நின்றது. மனைவி ஸ்யாமளாவின் இருமலுக்குத் தூசிதான் காரணம் என்று முடிவு கட்டி, வீட்டையும் அவளையே இருவேளை கழுவ வைத்தவர் அவர்.

பிரிந்த பழைய பாதத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். இழைகள் விளக்கி வைத்த பாத்திரம்போலப் பளபளத்தன. பிசினின் ஒரு பொட்டுகூட இல்லை. புதியதன் ஓரத்தில் வெட்டி எறிந்த துண்டை உடைத்தார். ஒவ்வொரு இழையிலும் பிசின், கடலைமிட்டாயின் பாகு மாதிரி ஒட்டியிருந்தது.

துணி விற்றவருக்குப் போன் போட்டார்.

"கழுவுனீங்களா?" என்று அவர் பதறினார். "வெறும் இழை வழவழன்னு இருக்கும் சார், பிசின் நிக்காது. பிடிக்கட்டும்னுதான் ஆலையிலேயே மேல மெல்லிசா ஒரு பூச்சு பூசி அனுப்புறாங்க. அது அழுக்கில்ல சார்!"

போனை வைத்துவிட்டு எழுந்தார். அசிட்டோன் டப்பாவை வெளியே கொண்டுபோய், தோட்டக் கொட்டகையில் வைத்துப் பூட்டினார்.

"கையுறை ஒரு ஜோடி போதும், சோலை. உன்னைத் தப்பா சொல்லிட்டேன்."

"அதுக்கென்ன சார். ஒரு ஜோடின்னா கத்தரியாவது நிக்கும்."

வியாழக்கிழமை காலையில் அஸ்வினி பாதத்தை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை ஓடினாள். திரும்பி வந்து மூச்சு வாங்கினாள். ராஜாராமன் காதைத் தீட்டிக் கேட்டார். 'கிறீச்' இல்லை, உள்ளே இருமலும் இல்லை; அவள் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"தாத்தா, கால்ல மண்ணா ஒட்டிருச்சு," என்றாள்.

பழக்கதோஷத்தில் அவர் தோளிலிருந்த துண்டு கைக்கு வந்துவிட்டது. குனியப் போனவர் நின்றார். துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்டீ கண்ணு. இன்னொரு தடவை ஓடு."