டாக்டரம்மாவுக்குக் காட்டாத முழங்கால்

1

தட்டச்சு வகுப்பில் கொடுத்த பத்தியை அடிக்காமல் இந்தக் கதையை அடித்துக்கொண்டிருக்கிறேன். பழைய இயந்திரம், அடித்ததை அழிக்க முடியாது. ஆகவே என் தவறான தொடக்கங்களையும் நீங்கள் படித்துத்தான் ஆகவேண்டும்.

ஆமத்தூரில் ஒரு சோகமான காலைப்பொழுதில்

(சோகம் வேண்டாம். கீர்த்திகாவுக்கு இப்போது தேவலை. இதை முதலிலேயே சொல்வது கதைக்குக் கெடுதல்தான். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையை வைத்து உங்களைப் பதறவைக்க எனக்கு மனமில்லை.)

2

பக்கத்து வீட்டுப் பாண்டிலட்சுமி அக்காவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. ஒருநாள் காலை மகள் கீர்த்திகாவின் முகம் உப்பியிருந்தது. "சதை போட்டுட்டா" என்று அக்கா சந்தோஷப்பட்டார். பிறகு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. மூவருமாக விருதுநகருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"கொஞ்ச நாளைக்கு முன்னால தொண்டை வலி, தோல்ல புண்ணு ஏதாவது வந்துச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒண்ணும் வரலையே" என்றபடி அக்கா மகளின் பாவாடையை இழுத்து முழங்காலை மூடினார்.

வந்திருந்தது. ஆறி, கறுத்த தழும்பாகக் கிடந்தது. பார்த்தால் மருந்து* பட்ட காயம் என்பார்கள், பிள்ளையை வேலைக்கு விட்டதாக விசாரணை வரும். அக்காவின் பயம் அதுதான்.

* எங்கள் பக்கத்தில் இது பட்டாசுக்குள் போவது.

3

அப்போது நான் துணிச்சலாக எழுந்து

(இல்லை. நான் யோசித்து முடிப்பதற்குள் கீர்த்திகா முந்திக்கொண்டாள்.)

"எம்மா, புண்ணு வந்துச்சுல்ல! எம்புட்டுப் பெரிய புண்ணு டாக்டர்! ஈயெல்லாம் வந்து உக்காரும்."

"ஏட்டி, சும்மா இரு!" அக்கா அழுதுவிட்டார். "சத்தியமா பிள்ளைய வேலைக்கு விடல டாக்டரம்மா. போலீசுக்குச் சொல்லிருவீகளா?"

"போலீசா? எதுக்கும்மா?" டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இந்தப் புண்ணுல இருந்த கிருமியோட உடம்பு சண்டை போட்டிருக்கு. அந்தச் சண்டையில சிறுநீரகம் வீங்கிருச்சு. பிரஷர் வேற கூடியிருக்கு. இன்னும் தாமதிச்சிருந்தா ஆபத்து. இப்படி வர்ற பிள்ளைங்க பெரும்பாலும் நல்லாயிருவாங்க. ஆனா நான் கேட்டதுக்கு உள்ளதைச் சொல்லணும்."

4

வார்டில் இருந்து வீடு திரும்பியாயிற்று. வீக்கம் வடிந்துவிட்டது. டாக்டரம்மா சொல்லும்வரை உப்பு மட்டும் கூடாது. உப்பில்லாத சோறு சுண்ணாம்பு மாதிரி இருக்கிறதாம்.

முடிவு ஒன்று: நாளைப் பரிசோதனையில் எல்லாம் சரி. சாத்தூர்க் காரச்சேவு வாங்கி எல்லோரும் தின்கிறோம். (இவ்வளவு இனிப்பு சேவுக்கு ஆகாது.)

முடிவு இரண்டு: இன்று நான் வகுப்புக்குக் கிளம்பும்போது அக்கா வீட்டில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தேன். கீர்த்திகாவின் கன்னமெல்லாம் சேவுத்தூள்.

"கொஞ்சூண்டுதாம்மா. நாளைக்கு டாக்டர்ட்ட சொல்லாத, என்ன?"

அக்கா என்னைப் பார்த்தார். எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

நாளை டாக்டரம்மா நிச்சயம் கேட்பார்: "உப்பு ஏதாவது சாப்பிட்டாளா?" பதிலுக்குக் கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன். அக்காவுக்காக நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பாவாடையை மட்டும் இழுத்துவிடாதீர்கள்.

"..............................................."