ஒரு முழ எர்த் வயர்

அண்ணன் கெடுத்த வண்டி ஒன்று தன் கடைக்கு வராமலா போகும் என்று சின்னவள் ஆறு வருஷமாகக் காத்திருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தே விட்டது. பல் டாக்டரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், ஐம்பது வயசு, இரண்டே சீட்டு. உள்ளே இருந்த எஞ்சின் மட்டும் புதுசு, அண்ணன் மாற்றி வைத்தது. நின்ற இடத்திலேயே குளிர்காய்ச்சல் வந்தவனைப்போல வண்டி உதறிக்கொண்டிருந்தது.

"நாலு மாசமா அலையறேம்மா. கார்புரேட்டர மாத்தினாரு, பிளக்க மாத்தினாரு. இப்ப பெட்ரோல் சரியில்லங்கறாரு" என்றார் டாக்டர்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். ஹாரன் அடிங்க டாக்டர்."

அடித்தார். எஞ்சின் இருமியது. ஹெட்லைட்டைப் போடச் சொன்னாள். எஞ்சின் அணைந்தே போயிருக்கும், மயிரிழையில் தப்பியது.

"ஸ்டார்ட் பண்றப்ப இழுக்குமே? ஆக்சிலேட்டர் அப்பப்ப சிக்குமே?"

"நீங்க எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

அவள் வண்டியை அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஆக்சிலேட்டர் கேபிளை விரல்நுனியால் தொட்டாள். சூடு சுரீரென்றது. கீழே குனிந்து டார்ச் அடித்தாள். எஞ்சினையும் பாடியையும் சேர்க்கும் எர்த் வயர் அங்கே இல்லை. பழைய எஞ்சினைக் கழற்றியபோது எடுத்ததை மறுபடி மாட்ட அண்ணன் மறந்திருக்கிறார். திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் எல்லாம் அந்த மெல்லிய கேபிளில் நுழைந்து ஓடிக்கொண்டிருந்தது.

குனிந்தவள் நிமிரவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் நடுரோட்டில் எரிந்த வக்கீலின் பச்சைக் கார் கண்ணுக்குள் வந்து நின்றது. அதற்கும் எஞ்சின் மாற்றியது அண்ணன்தான். அவள் போட்டது விளக்கு வயரிங் மட்டும். "தங்கச்சி வேல. அவ கை பட்டா வண்டி எரியும்" என்று அண்ணன் ஊர் முழுக்கத் தமுக்கடித்தார். அப்பா ஆரம்பித்த ஷெட்டை விட்டு ஸ்பேனர் பெட்டியோடு இறங்கியவளுக்கு அதற்குப் பிறகு ஸ்கூட்டர் பஞ்சர்தான் வாய்த்தது. எரிந்த வண்டியில் ஆக்சிலேட்டர் கேபிள் உருகித் தொங்கியதை அவள் பார்த்திருந்தாள். ஏன் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

பத்து நிமிஷ வேலை. ஆனால் அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இத இங்க பண்ண மாட்டேன் டாக்டர். சனிக்கிழமை காலைல, அண்ணன் ஷெட்டுல வச்சுப் பண்றேன். அதுவரைக்கும் சாவியத் தொடாதீங்க. எரிஞ்சிடும்."

சனிக்கிழமைகளில் பழைய கார்க்காரர்கள் அங்கே கூடுவார்கள். வக்கீலும் வருவார்.

அந்தச் சனிக்கிழமை டாக்டர் காரை ஷெட்டுக்குக் கட்டி இழுத்து வந்தார். பின்னாலேயே அவள் நுழைந்ததும், "என்ன, பஞ்சர் கடைக்கு லீவா?" என்றார் அண்ணன். நாலு பேர் சிரித்தார்கள்.

"ஆமாண்ணா. இந்தக் கேபிள் சிக்குது, ஒரு கை குடுங்க. நா ஸ்டார்ட்டர் போடறேன், நீங்க இறுக்கிப் புடிச்சுக்குங்க. உங்க பிடி யாருக்கு வரும்?"

புகழ்ச்சிக்கு மயங்காத அண்ணனா? பிடித்தார். எஞ்சின் கிளம்பிவிடாதபடி இக்னிஷன் காயில் வயரை அவள் முன்னமே பிடுங்கியிருந்தாள். சாவியைத் திருப்பியவள் விடவில்லை. மனசுக்குள் எண்ணினாள். ஏழாவது எண்ணிக்கையில் அண்ணன் போட்ட அலறலில் தகரக் கூரை அதிர்ந்தது. உள்ளங்கையில் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு.

அவள் நிதானமாக இறங்கினாள். "எர்த் வயர் எங்கண்ணா?"

வக்கீல் முன்னால் வந்து குனிந்து பார்த்தார்.

"உங்க வண்டிலயும் கேபிள் உருகித் தொங்கிச்சே சார், ஞாபகம் இருக்கா?"

வக்கீல் அண்ணன் பக்கம் திரும்பினார். "அன்னிக்கும் இத மாட்டலயா?"

மறந்துவிட்டேன் என்று அண்ணன் சொல்லியிருக்கலாம். வலியோ பயமோ, உண்மை வந்துவிட்டது. "தீ அணைச்சதுமே பாத்துட்டேன். யாராவது ஒருத்தர் பேரச் சொல்லணுமேன்னு..."

தெரியாமல் சொன்னார் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். தெரிந்தே சொன்னாராம். ஏழோடு நிறுத்தியிருக்கக் கூடாது, இருபது எண்ணியிருக்க வேண்டும்.

ஒரு முழ வயரை இரண்டு போல்ட்டில் முறுக்கி, காயில் வயரைச் செருகி, ஸ்டார்ட் செய்தாள். எஞ்சின் உதறாமல் சீராக உறுமியது. ஹாரனில் கையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். அது கொஞ்சமும் இருமவில்லை.

"நாளைலேர்ந்து நீயும் ஷெட்டுக்கு வந்துடும்மா" என்றார் அண்ணன், வாளித் தண்ணீரில் கையை வைத்தபடி.

"எதுக்குண்ணா? அடுத்த வண்டி எரியறப்ப பேரச் சொல்ல ஆள் வேணுமா?"

திங்கட்கிழமை வக்கீலின் வேறொரு கார் அவள் கடை வாசலில் நின்றது. மத்தியானம் அண்ணி போன் செய்தாள். "கை கொப்புளிச்சுப் போச்சு. ஸ்பேனரே புடிக்க முடியல அவருக்கு. நீ இப்படிப் பண்ணலாமா?"

"எந்தக் கை அண்ணி?"

"சோத்துக் கைதான்."

"சரி, மருந்து போடுங்க" என்று வைத்தவள் வக்கீலின் காருக்கு அடியில் போய்ப் படுத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வேலை செய்துகொண்டே பாட்டு முணுமுணுத்தாள்.