நாலாவது செக்டாரில் ஒரு காலி மனை

காலை எட்டு மணிக்குப் பைபாஸ் ஓரத்தில் முப்பது முப்பத்தைந்து குழந்தைகள் நின்றுகொண்டிருந்தார்கள். நீளமான நைலான் கயிறு ஒன்றில் முடிச்சுகள் போட்டு, ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்திருந்தார்கள். கயிற்றின் முன்முனையை ஒரு அம்மா பிடித்திருந்தாள். பின்முனை திட்ட அலுவலரின் அண்ணி கையில் இருந்தது.

திட்ட அலுவலர் அலுவலக ஜீப்பிலிருந்து இறங்கியபோது அவர்கள் பாதிச் சாலையைக் கடந்திருந்தார்கள். நகர வளர்ச்சி அலுவலகத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வருஷ சர்வீஸ். புதிதாக வளரும் பகுதிகளில் எங்கே பள்ளிக்கூடம், எங்கே ஆஸ்பத்திரி, எங்கே நூலகம், எங்கே விளையாட்டுத் திடல் என்று வரைபடத்தில் இடம் குறிப்பதுதான் அவள் வேலை. இந்த நாலாவது செக்டாரைக் குறித்ததும் அவள்தான். இன்றைக்கு அவள் வந்திருந்தது ஒரு காலி மனையைப் போட்டோ எடுக்க.

நடுச்சாலையில் ஒரு குழந்தையின் செருப்பு கழன்றது. அது கயிற்றை விட்டுவிட்டுக் குனிந்தது. வரிசை நின்றது. இந்தப் பக்கத்திலிருந்து ஒரு சரக்கு லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது.

"ஏய், விடுடி அதை! செருப்பை விடு!" அண்ணி கத்தினாள்.

லாரி பிரேக் போட்டு, கிறீச்சிட்டுக்கொண்டே வந்து, வரிசைக்கு ஒரு கார் நீளம் இருக்கும்போது நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி வாய்க்கு வந்தபடி திட்டினான். அண்ணி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். குனிந்தது அவள் மகள்தான். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

திட்ட அலுவலர் ஜீப் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

அண்ணி திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. நாத்தனாரைப் பார்த்ததும், "வா" என்றாள்.

"தினமும் இப்படியா அண்ணி?"

"ஒரு நாளைக்குப் பத்து டிரிப். காலையில அஞ்சு, சாயங்காலம் அஞ்சு. எங்க தெருவுக்கு மட்டும். மத்த தெருக்காரங்க அவங்கவங்க பாட்டைப் பார்த்துக்கிறாங்க."

"இவ்வளவு பிள்ளைங்களா?"

"நீதானே எண்ணினே?" என்றாள் அண்ணி. குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் அண்ணன் இங்கே வீடு வாங்கியதே தங்கை காட்டிய வரைபடத்தைப் பார்த்துத்தான். வீட்டுக்கு எதிரே மூன்று ஏக்கர், நீல நிறம்: ஆரம்பப் பள்ளி. "கண்ணை மூடிக்கிட்டு வாங்குண்ணே" என்று சொன்னாள். பிறகு மக்கள்தொகைக் கணக்கு போட்டபோது செக்டாரில் எண்ணாயிரம் பேருக்குள்தான் வந்தது. பத்தாயிரம் பேருக்கு ஒரு ஆரம்பப் பள்ளி என்பது விதி. எண்ணாயிரம் பேருக்குப் பைபாஸைத் தாண்டி இருக்கிற பழைய பள்ளியே போதும் என்று ஆனது. நீலம் அழிந்து, 'பிற்காலத் தேவை' என்று சாம்பல் நிறம் ஏறியது. இன்று மதியம் மூன்று மணிக் கூட்டத்தில் ஏழாவது பொருள், அந்த மனையை வணிக வளாகத்துக்கு விடுவிப்பது. குறிப்பை எழுதியவளும் அவள்தான்.

அண்ணி சாவி எடுக்க மாடிக்குப் போனாள். மொட்டை மாடியிலிருந்து எடுத்தால் மனை முழுக்கத் தெரியும். மாடிப்படிக்குக் கீழே காத்திருந்த நேரத்தில் எதிரே சுவரில் மின்சார மீட்டர்கள் தெரிந்தன. வீட்டுக்கு ஒன்று. சும்மா எண்ணினாள். எட்டு.

கையிலிருந்த கோப்பில் செக்டாரின் பட்டியல் இருந்தது. அண்ணன் வீட்டு இலக்கத்தைத் தேடினாள். வரிசை எண், தெரு, கட்டட அனுமதி எண், வீடுகளின் எண்ணிக்கை: ஒன்று.

ஒன்றா?

மறுபடி பார்த்தாள். அடுத்த வரி, ஒன்று. பக்கம் முழுக்க ஒன்று.

அண்ணி சாவியோடு இறங்கி வந்தபோது படிக்கட்டில் ஆள் இல்லை. பக்கத்துக் கட்டடத்தின் வாசலில் நாத்தனார் நின்றிருந்தாள். அங்கே நாலு மீட்டர். அதற்கடுத்து ஆறு. பிறகு நாலு, நாலு, இரண்டு. ஒரு கட்டடத்தில் காவலாளி வந்து, "யாரும்மா நீங்க, மீட்டரையே பார்த்துக்கிட்டு?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் அடுத்ததற்குப் போனாள். நாற்பது கட்டடத்தில் நூற்று எழுபத்திரண்டு வீடு.

"போட்டோ எடுக்கலையா?" என்று அண்ணி தெருவிலிருந்து கேட்டாள்.

"இல்ல அண்ணி. அப்புறம் வர்றேன்."

ஜீப்பில் ஏறியதும் அலுவலகத்தில் வரைபடம் வரையும் டிராஃப்ட்ஸ்மேனுக்குப் போன் போட்டாள். வயசு ஐம்பத்தைந்து, எந்நேரமும் சட்டைப் பையில் ஸ்கேல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாருக்கும் அவர் 'ஸ்கேல்'தான். சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயர் அவருக்கே மறந்திருக்கும் என்று கேலி செய்வார்கள்.

"மின்சார ஆபீஸ்ல உங்க மச்சான் இருக்காரே, நாலாவது செக்டார்ல மொத்தம் எத்தனை வீட்டு இணைப்புன்னு கேட்டுச் சொல்லுங்க. இப்பவே."

அவள் அலுவலகத்துக்குள் நுழையும்போது பத்தரை. ஸ்கேல் ஒரு துண்டுத்தாளை நீட்டினார். எண்ணாயிரத்து நூற்று நாற்பது.

அவள் கோப்பில் வீடுகள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது என்று இருந்தது. ஒரு கட்டட அனுமதிக்கு ஒரு வீடு என்று போட்டிருந்தாள். எண்ணாயிரம் ஆட்கள் இல்லை, எண்ணாயிரம் வீடுகள். முப்பதாயிரம் பேருக்கு மேல். ஒரு பள்ளிக்கூடம் தேவையில்லை என்று எழுதிய இடத்தில் மூன்று பள்ளிக்கூடம் வேண்டும்.

"உங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

ஸ்கேல் தயங்கினார். "அன்னைக்குக் கேட்டேனே மேடம். அனுமதிப் பதிவேட்டைப் பார்த்து நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'இது கட்டடமா, வீடா'ன்னு கேட்டேன். 'எண்ணிக்கைதானே, போடுங்க, நேரமாகுது'ன்னு சொன்னீங்க."

அவளுக்கு ஞாபகம் வந்தது. மறுநாள் கெடு. மகளுக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்காரர் மூன்று தரம் போன் பண்ணியிருந்தார். தான் சொன்ன அந்த வரி மட்டும் அப்படியே காதில் கேட்டது.

துணை இயக்குநர் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவர் எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் டிராஃப்ட்ஸ்மேனுக்கும் சார்."

"அத்தோட நிற்கட்டும். நான் கெட்டவன் இல்ல, முழுசாக் கேளுங்க. ரெண்டாவது செக்டார்ல ஆஸ்பத்திரிக்குத் தூண் எழும்பியாச்சு. நிலத்தைக் கொடுத்தவங்க கோர்ட்ல நிக்கிறாங்க. இந்தத் திட்டத்துல ஒரு ஓட்டை கிடைக்காதான்னு அவங்க வக்கீல் பூதக்கண்ணாடி வெச்சுத் தேடிக்கிட்டு இருக்கார். மக்கள்தொகைக் கணக்கே தப்புன்னு நீங்க போய்ச் சொன்னா மொத்தத் திட்டத்துக்கும் தடை வரும். ஆஸ்பத்திரி அப்படியே நிக்கும். எத்தனை வருஷம்னு சொல்ல முடியாது. உங்களுக்குச் சம்மதமா?"

அந்த ஆஸ்பத்திரிக்காகவும் அவள்தான் ஐந்து வருஷம் நாயாய் அலைந்திருந்தாள்.

"மனையை விட்டுட்டா சார், அந்த செக்டார்ல வேற இடமே இல்ல. ஒரு கழிப்பறை கட்டக்கூட இடமில்ல."

"தெரியும். மூணு மணிக்குள்ள யோசிச்சு வாங்க. அடுத்த மாசம் உங்க புரமோஷன் ஃபைலும் மேலே போகுது. அதையும் சேர்த்து யோசிங்க."

மிரட்டலா அக்கறையா என்று பிரித்துப் பார்க்க முடியாத குரல்.

மணி பன்னிரண்டு. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அப்படியே மூடினாள். பிறகு இரண்டாம் மாடிக்கு, சட்ட அலுவலரிடம் போனாள். ஓய்வுபெற எட்டு மாதம் பாக்கியிருக்கிற அந்த அம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"கணக்கு முறையே தப்புன்னா மொத்தத் திட்டமும் திறக்கும். உங்க மேலதிகாரி சொல்றது சரி. ஆனா முறை சரிதானே? வீட்டுக்கு நாலு பேர்னு எல்லா செக்டாருக்கும் போட்டிருக்கீங்க. மத்த செக்டார்ல வீடு வீடாத்தான் எண்ணியிருக்கா?"

"ஆமா மேடம். நாலாவதுல மட்டும்தான் ஆள் அனுப்ப நேரமில்ல. பதிவேட்டைப் பார்த்துப் போட்டோம்."

"அப்போ இது பதிவுப் பிழை. ஒரு பத்தியில போட வேண்டியதை இன்னொரு பத்தியில போட்டிருக்கு. அந்த ஒரு பக்கத்தை மட்டும் திருத்தலாம், மத்ததை யாரும் தொட முடியாது." கண்ணாடியை இறக்கினார். "ஆனா பதிவுப் பிழைக்கு ஒரு ஆள் வேணும். 'தவறுதலாப் பதிஞ்சது நான்தான்'னு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். அது இல்லாம இது பதிவுப் பிழைன்னு நிரூபிக்க வழியில்ல."

"போட்டா?"

"குறிப்பாணை வரும். விசாரணை வரும். புரமோஷனை மறந்துடுங்க. வேலை போகாது, அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

கீழே வந்து தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள். இரண்டு பத்திதான். கடைசி வரிக்கு வந்தபோது ஸ்கேல் பின்னால் நின்றார்.

"எழுதினது என் கை மேடம். என் பேரையும் போடுங்க. எனக்கு இனிமே என்ன புரமோஷனா வரப்போகுது?"

"நீங்க கேட்டீங்க. நான் காதுல போட்டுக்கல. போய் எட்டு நகல் எடுத்துட்டு வாங்க."

கூட்டம் மூன்று மணிக்குத் தொடங்கியது. முதல் ஆறு பொருளும் ஒரு மணி நேரம் இழுத்தன. பேருந்து நிழற்குடை, மழைநீர் வடிகால், நூலகத்துக்கு மாடி. அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மேசைக்கு அடியில் விரல்களைப் பின்னிக்கொண்டிருந்தாள். எதிர் வரிசையில் துணை இயக்குநர் அவளைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏழு" என்றார் ஆணையர். "காலி மனை விடுவிப்பு. இதுல பேச ஒண்ணும் இல்லையே?"

அவள் எழுந்தாள். நாற்காலி தரையில் உரசிச் சத்தம் போட்டது.

"இருக்கு சார். குறிப்பை நான் எழுதினேன். திரும்ப எடுத்துக்கிறேன். அதுல இருக்கிற வீட்டு எண்ணிக்கை தப்பு. தப்பாப் பதிஞ்சதும் நான்தான்."

நகல்கள் கை மாறின. தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. ஆணையர் கடைசி வரிவரை படித்தார்.

"எண்ணாயிரம்னு சொன்னது முப்பத்திரண்டாயிரமா? இது எழுத்துப் பிழையா, ஊரையே காணாம அடிச்சதா?" யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். "மூணு வருஷமா ஒருத்தர் கண்ணுலயும் படலையா?"

"எங்க டிராஃப்ட்ஸ்மேன் அன்னைக்கே கேட்டார் சார். நான்தான் காதுல வாங்கல."

ஆணையர் திரும்பினார். "துணை இயக்குநர், இது பதிவுப் பிழைதானா? இல்ல, திட்டம் முழுக்க இப்படித்தான் இருக்கா? நீங்க சொல்லுங்க."

அறையில் எல்லாத் தலையும் அவர் பக்கம் போனது. அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். 'எனக்குத் தெரியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் தப்பிவிடலாம். திட்டம் கவிழும்.

"பதிவுப் பிழைதான் சார்" என்றார் கடைசியில். "அந்த ஒரு பக்கம்தான். மேற்கையெழுத்து என்னோடது. நானும் பார்த்திருக்கணும்."

சட்ட அலுவலர் விதியின் எண்ணைச் சொன்னார். ஆணையர் தன் தாளில் குறித்துக்கொண்டார்.

"ஏழாவது பொருள் நிராகரிக்கப்படுது. மனை பள்ளிக்கூடத்துக்கு. நாளையிலேருந்து வீடு வீடாக் கணக்கெடுங்க. பைபாஸ்ல காலையும் சாயங்காலமும் போலீஸ் நிற்கச் சொல்லி இன்னைக்கே கடிதம் போகணும்." பிறகு அவளைப் பார்த்தார். "மூணு பள்ளிக்கூடம் வேணும்னு எழுதியிருக்கீங்க. இடம் ஒண்ணுதான் இருக்கு. மத்த ரெண்டு?"

"இடமில்ல சார்."

"இடமில்ல" என்று அவரும் சொன்னார். "விசாரணை முடியற வரைக்கும் நீங்க திட்டப் பிரிவுல இருக்க வேண்டாம். எட்டாவது பொருளுக்குப் போகலாம்."

வெளியே வந்து தாழ்வாரத்துக் குழாயில் முகம் கழுவினாள். துணை இயக்குநர் கடந்து போனார். "என்னையும் சேர்த்து இழுத்துவிட்டுட்டீங்க" என்றார் நிற்காமலே. ஆனால் குரலில் காலையில் இருந்த இறுக்கம் இல்லை.

ஐந்தரைக்கு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அண்ணி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் மகள் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தது.

"எதிர் மனையில பள்ளிக்கூடம் வருது" என்றாள்.

அண்ணன் நிமிர்ந்தான். "நிஜமாவா? அப்பாடா! மூணு வருஷமா அந்த ஆபீஸ்காரங்களைத் திட்டாத நாளில்ல. எந்த முட்டாள் கணக்குப் போட்டானோன்னு—"

"நான்தான்ணே போட்டேன்."

முதலில் அவனுக்குப் புரியவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள், கட்டட அனுமதி, மீட்டர், ஸ்கேல் கேட்ட கேள்வி. மறைக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் மாறிக்கொண்டே போனது. காலுறை ஒன்று கையிலேயே இருந்தது.

"போன வருஷம் கடைசி வீட்டுப் பொண்ணு மேல பைக் ஏறிக் கால் உடைஞ்சுதே" என்றான். "அது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

அவன் எழுந்து உள்ளே போனான். அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அண்ணி துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"எப்போ கட்டி முடிப்பாங்க?"

"ரெண்டு வருஷம் ஆகும் அண்ணி. கொஞ்சம் கூடவும் ஆகலாம்."

"அதுக்குள்ள இவ அஞ்சாவது முடிச்சிடுவா."

"ஆமா."

அண்ணி மடித்த துணிகளை அடுக்கினாள். ஒரு சட்டையின் பொத்தானைப் போட்டு, மறுபடி கழற்றினாள்.

"இதை அவங்களே கண்டுபிடிச்சாங்களா? நீ போய்ச் சொன்னியா?"

"நான் போய்ச் சொன்னேன்."

"சொல்லாம இருந்திருந்தா?"

"கடை வந்திருக்கும்."

பக்கத்து வீட்டில் ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. அதன் அம்மா ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்துவது ஜன்னல் வழியாகக் கேட்டது. அண்ணி கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அண்ணன் ரெண்டு நாளைக்குப் பேசமாட்டார். நீயா போன் பண்ணி நச்சரிக்காதே. அவரே வருவார்" என்றாள். பிறகு துணிக்குவியலில் பாதியை நாத்தனார் பக்கம் தள்ளினாள். "இதை மடி."

அவள் தரையில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள்.