அவள் பேருக்கு வந்த கடிதம்

பாலம் கட்டும் வேலைக்குப் போனவன் மாதம் தவறாமல் கடிதம் போட்டான். ஆனால் எல்லாம் அவன் அப்பா பேருக்கு. மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூடத்தில் எல்லாரும் கேட்க உரக்கப் படிப்பார். ஆற்றில் தண்ணீர் ஏறியது, மேஸ்திரிக்குக் காய்ச்சல், அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்றெல்லாம் வரும். மனைவிக்குக் கடைசி வரிதான்: "அவளையும் கேட்டதாகச் சொல்லவும்." கல்யாணமான மூன்றாம் மாதம் போனவன். ஒன்றரை வருடமாக அந்த ஒரு வரியோடுதான் அவள் குடித்தனம்.

ஒருநாள் தான் வேலை பார்க்கும் தையல் கூடத்தில், சாப்பாட்டு நேரத்தில், துணி வெட்டும் மேசையிலேயே அவள் எழுதினாள். "நீங்கள் வருகிறீர்களா, நான் வரட்டுமா? இரண்டும் இல்லையென்றால் அதையாவது சொல்லிவிடுங்கள்." உறை தபால் பெட்டிக்குள் விழுந்த பிறகுதான் அது தோன்றியது. பதில் வீட்டுக்குத்தானே வரும்?

அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் தெருமுனையில் தபால்காரரை மறித்தாள். பதினோராம் நாள் அவர் சிரித்துவிட்டார். "வந்தா குடுக்க மாட்டேனாம்மா? நானா எழுத முடியும்?" அன்று ஒரே சட்டைக்கு இரண்டு இடக்கை வைத்துத் தைத்து வசவு வாங்கினாள்.

அடுத்த வாரம், சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டியிருந்த ஒரு நாள், தபால்காரரைத் தவறவிட்டாள். சாயங்காலம் திரும்பினால் மாமனார் மடியில் பிரித்த உறை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"பழக்கதோஷம்மா, பேரைப் பாக்காம பிரிச்சுட்டேன்," என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டு வரியிலயே எனக்கில்லன்னு தெரிஞ்சுபோச்சு. மடிச்சு வச்சுட்டேன்."

"என்ன எழுதியிருக்கான்?" என்று உள்ளேயிருந்து மாமியார் கேட்டாள்.

"உனக்கு ஒண்ணுமில்ல," என்றபடி உறையை மருமகளிடம் நீட்டினார்.

அறைக்குள் போய் நின்றபடியே படித்தாள். முதல் இரண்டு வரியில் அவளுக்கே முகம் சூடேறியது. பிறகு இப்படி இருந்தது: "அப்பா உரக்கப் படிப்பாரென்று தெரிந்து என்னத்தை எழுத? ஓர் அறை பார்த்திருக்கிறேன். மழைக்கு ஒழுகும். தண்ணீருக்கு நடக்க வேண்டும். பரவாயில்லை என்றால் வா."

ஒழுகும் கூரை, தெரியாத ஊர், பேசிப் பழகாத புருஷன். சந்தோஷத்தைவிடப் பயம்தான் முந்தியது. ஆனாலும் கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தாள்.

"மாமா, அவர் வரச் சொல்றார்."

மாமனார் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "போய்ட்டு வாம்மா. உங்க அத்தைகிட்ட நான் பேசிக்கறேன்."

அவர் பேசியதில் மாமியார் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் மாமியாரே வந்து மருமகளின் பெட்டியில் ஒரு போர்வையை வைத்து மூடினாள்.