இடக்கைக் கையெழுத்து

கூடத்தில் கிடத்தியிருந்த கணவரின் முகத்தை ஈரத்துணியால் அவள் துடைத்துக்கொண்டிருந்தபோது ஐந்தாறு பேர் உள்ளே வந்தார்கள். சொந்தக்காரர்கள் இல்லை, வாசகர்கள். அவருடைய முதல் நாவல் ஆளுக்கொன்று கையில் இருந்தது.

ஆவணக் காப்பகத்தில் குமாஸ்தா வேலை பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் பதினோரு வருடம் எழுதியது. ஐம்பது வருடத்துக்கு முன் பயணிகளோடு மூழ்கிய படகை அரசாங்கமே திட்டமிட்டு மூழ்கடித்ததாகக் கதை. நடுநடுவே போலிக் கடிதங்கள், பொய் அடிக்குறிப்புகள், வாசகனைக் கேலி செய்யும் ஒரு குமாஸ்தா. எழுதும்போது அவரே சிரித்துக்கொள்வார். புத்தகம் வந்ததும், படகில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் வீடு தேடி வந்தார்கள். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

"எல்லாம் கற்பனைன்னு சொல்லிடுங்களேன்" என்பாள்.

"சொல்லிட்டேன். பயந்துட்டேன்னு நெனைக்கிறாங்க."

நேற்றுக் காலை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சரிந்தார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

"போஸ்ட்மார்ட்டம் பண்ணாம எடுக்கக் கூடாதுக்கா" என்றார் வந்தவர்களில் தாடிக்காரர். அந்தப் படகில் அப்பாவை இழந்தவர். "சாரைக் கொன்னுட்டாங்க."

"யாருப்பா கொல்லப்போறாங்க? ரெண்டு வருஷமா அவருக்கு நெஞ்சு வலி."

தாடிக்காரர் புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை விரித்தார். படகை மூழ்கடிக்கச் சொல்லும் உத்தரவுக் கடிதம், அதிகாரியின் கையெழுத்தோடு அப்படியே அச்சாகியிருந்தது. "இதை வெளிய கொண்டுவந்தவரைச் சும்மா விடுவாங்களா?"

"அது நான் போட்ட கையெழுத்துப்பா. இதே வீட்ல, இடது கையால. அப்பத்தான் அதிகாரி கையெழுத்து மாதிரி கிறுக்கலா இருக்கும்னு அவர்தான்..."

அன்றைக்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

தாடிக்காரரின் கண்கள் கலங்கின. "உங்களையும் மிரட்டிட்டாங்களாக்கா?"

அவள் தலைமாட்டில் நின்ற கொழுந்தனாரைப் பார்த்தாள். அவராவது எடுத்துச் சொல்வார் என்று நினைத்தாள். அவர் விரித்திருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் இருந்த கண்ணாடிக்காரப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சார் கடைசியா என்ன சாப்பிட்டாரு?"

"காப்பி. நான்தான் போட்டுக் குடுத்தேன்."

தாடிக்காரர் புத்தகத்தை மெல்ல மூடினார். தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"அண்ணி" என்றார் கொழுந்தனார், அவள் முகத்தைப் பார்க்காமல். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

அவள் நகர்ந்து சுவரோரம் உட்கார்ந்தாள். அவளுக்கும் கணவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத் தரை வெறுமையாகக் கிடந்தது.