வெண்டல் போட்ட நன்றி அட்டை

அம்மா வெர்னிஸை அடக்கம் செய்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. உயிலை அமெரிக்காவின் டொலீடோ நகர நீதிமன்றத்தில் பதிந்த வாரமே துக்கம் விசாரித்துக் கடிதங்கள் வர ஆரம்பித்துவிட்டன. யார் செத்தார்கள், வீடு யாருக்கு என்று அங்கே எவன் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீட்டுத் தரகர்கள் தினமும் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். வெட்கங்கெட்ட பிழைப்பு. மகள் லொரேன் தனக்கு வந்ததையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டாள். தம்பிக்கும் போகும் என்று அந்தக் கோபத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

தம்பி வெண்டல் ஐம்பத்தெட்டு வயதுவரை அம்மாவோடு அதே வீட்டில் இருந்தவன். வீடும் அவன் பேருக்குத்தான். துக்கம் விசாரித்து எழுதியவர்களுக்கு நன்றி அட்டை போடாவிட்டால் அம்மா சும்மா விடமாட்டாள் என்று வளர்ந்தவன். சர்ச்சுக்காரர்களுக்கு எழுதின கையோடு, நீல மையில் உருகி உருகி எழுதியிருந்த ட்ரெண்ட் என்ற தரகனுக்கும் ஒன்று போட்டான். ஒருநாள் காபி குடிக்க வாங்க என்றும் எழுதிவிட்டான்.

சனிக்கிழமை லொரேன் வந்தபோது ட்ரெண்ட் சமையலறையில் உட்கார்ந்து அம்மாவின் கோப்பையில் காபி குடித்துக்கொண்டிருந்தான். மேசையில் அவன் எழுதிய கடிதமும் விற்பனை ஒப்பந்தமும். வெண்டல் கையில் பேனா.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இல்லக்கா, இப்பதான். இவரு அம்மாவுக்கு வேண்டியவரு. கைப்பட எழுதியிருந்தாரு தெரியுமா?"

"வீட்ட வித்துட்டு நீ எங்கடா போவ?"

"அவரு பாத்துக்கறேன்னாரு."

"பாப்பாரு, பாப்பாரு." லொரேனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடிதத்தை எடுத்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, நீல எழுத்தின்மேல் அழுத்தித் தேய்த்தாள். துளிகூடக் கலையவில்லை. "நல்லா பாரு. மிஷின்ல அடிச்சது. எனக்கு இதே மாதிரி மூணு வந்துச்சு."

"மேடம், உங்க துக்கம் எனக்குப் புரியுது."

"புரியுதா? எங்கம்மா பேரு சொல்லு."

ட்ரெண்டின் கை மேசையிலிருந்த தன் கோப்புக்குப் போனது. லொரேன் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"இதப் பாக்காம சொல்லு."

எதிரே ஃபிரிட்ஜ் கதவில் அம்மாவின் அடக்கநாள் அட்டை, படமும் பேருமாக ஒட்டியிருந்தது. அந்தக் கட்டையில போறவன் அதைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெண்டல் பேனாவை மூடினான். "நான் போட்ட அட்டை வச்சிருக்கீங்களா? குடுங்க."

ட்ரெண்ட் தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தான். அதன் ஓரத்தில் சிவப்பு மையில் யாரோ கிறுக்கியிருந்தார்கள். 'தனி ஆள். சீக்கிரம் முடி.' இதை மட்டும் நிஜமாகவே கையால் எழுதியிருந்தார்கள்.

வெண்டல் இரண்டு முறை படித்தான். அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. ட்ரெண்டின் கையிலிருந்த கோப்பையை வாங்கி, மிச்சக் காபியைத் தொட்டியில் கொட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.

"வெர்னிஸ்," என்றான், திரும்பாமலே. "எங்கம்மா பேரு வெர்னிஸ். வெளிய போ."