சுற்றிக்கொண்டே இருந்த பக்கம்

என் வீட்டுக்காரர் ஊருக்கே இணைய இணைப்பு கொடுக்கிற நெட் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. வீட்டில் எது ஓடாவிட்டாலும் தப்பு என் போன் மேல்தான்.

இந்த மழைக்காலம் முழுக்க எங்களுக்குள் ஒரே சண்டை. என் நாத்தனார் பள்ளிக்கூட டீச்சர். எங்கள் தெருவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற ஆற்றுப் பாலத்தில் ஒரு கேமராவைக் கட்டி, தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எல்லோரும் பார்க்க ஒரு இணையப் பக்கம் வைத்திருக்கிறாள். எங்கள் தெரு ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது. மேலே அணையைத் திறந்தால் முதலில் மூழ்குவது நாங்கள்தான். அணையை நடத்தும் மின்சாரக் கம்பெனியும் ஒரு ஆப் விட்டிருக்கிறது. பச்சை என்றால் பயமில்லை, சிவப்பு என்றால் ஓடு. அது தொட்டவுடன் திறக்கும். நாத்தனார் பக்கமோ சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும்.

"எனக்கு ஆபீஸ்ல கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வருதே. உன் போன்தான் ஓட்டை" என்பார்.

தெருவில் இருக்கிற எல்லோருடைய போனுமா ஓட்டை? கேட்டால் மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அன்று மத்தியானம் மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஆனால் ஆற்றின் சத்தம் மாறியிருந்தது. வழக்கமான சலசலப்பு போய், கனமாக ஓர் உறுமல். ஆப்பைப் பார்த்தேன். பச்சை. நாத்தனார் வகுப்பில் போனை அணைத்து வைத்திருந்தாள். அவருக்குப் போன் போட்டேன்.

"உங்க தங்கச்சி பக்கத்தைக் கொஞ்சம் திறந்து பாருங்க."

"இதோ, பளிச்சுனு வருது. நான்தான் சொன்னேனே, உன் போன்..."

"என்னங்க?"

"தண்ணி பாலத்துக் கைப்பிடியைத் தொடுது. அணையைத் திறந்துட்டாங்க போல."

"ஆப்ல பச்சைதானே காட்டுது!"

"அதை நம்பாத. உன் போன் ஓட்டை இல்ல. அந்த மின்சாரக் கம்பெனி மாதிரி எங்களோட ஒப்பந்தம் போட்டவங்களை நெட்ல முன்னாடி விடுறோம். மத்தவங்க பின்னாடி நிக்கணும். யாரையும் தடுக்கல, மெதுவாத்தான் விடுறோம். எங்க ஆபீஸ் லைனுக்கு மட்டும் அந்த வரிசை கிடையாது. இது எனக்குத் தோணவே இல்லையே."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்ட நேரமில்லை. அந்தப் படத்தை அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். அதுவும் சுற்றியது.

நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். கீழே தையல்கார அக்கா, படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவோடு இருக்கிறாள். அவரை மாடிக்குத் தூக்க இரண்டு பேர் வேண்டும். இறங்கி ஓடினேன்.

"அக்கா, அப்பாவைத் தூக்கணும், வாங்க. தண்ணி வருது!"

"போன மழைக்கும் இப்படித்தான் தூக்கினோம். இடுப்பு பிடிச்சதுதான் மிச்சம்." மெஷினை மிதித்தபடியே போனை எட்டிப் பார்த்தாள். "பச்சைதானேடி இருக்கு?"

"அது பொய்க்கா. எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல பார்த்துட்டாரு."

"ஊர் போனெல்லாம் ஓட்டைன்னு சொன்னாரே, அவரா?"

தனியாகவே பெரியவரின் அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். "விடும்மா, வலிக்குது" என்று முனகினார். இம்மிகூட நகரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"சரி, அழாத. உன் நாத்தனார் பக்கத்தைத் திறக்கறேன். என் கண்ணால பார்த்துட்டா உடனே தூக்கிடலாம்."

"பார்க்கவெல்லாம் நேரமில்லைக்கா!"

"இருடி, வருது. மேலேருந்து கொஞ்சம் கொஞ்சமா வருது."

திரையை என் பக்கம் திருப்பினாள். மேல்பாதியில் சாம்பல் நிற வானம். கீழ்ப்பாதி வெறும் வெள்ளை.

தெருமுனையில் யாரோ அலறினார்கள். வாசல்படியைத் தாண்டி, கலங்கலாக, சத்தமே இல்லாமல் தண்ணீர் உள்ளே வந்து கட்டில் காலைச் சுற்றியது. அக்கா குனிந்து பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வானம் வந்துடுச்சு" என்றாள். "தண்ணியைத்தான் இன்னும் காணோம்."